அமுக்கமானியை நம்பலாமா?

சென்ற சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குக் குடும்பத்துடன் காரிற் போக ஏற்பாடு செய்திருந்தோம். புறப்படுவதற்கு முதல் நாட் காலை, மேலதிகச் சில்லை ஒட்டுவிப்பதற்காக அயலிலுள்ள ரயர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை ஒருபுறம் வைத்துவிட்டு, வண்டியிற் பூட்டியிருந்த நான்கு சில்லுகளையும் குனிந்து பார்த்தார்.

“ஐயா, இவை நெடுநாளாகக் காற்றுக் குறைவில் ஓடியிருக்கின்றன. இரண்டு ஓரமும் தேய்ந்து, நடு அப்படியே இருக்கிறது பாருங்கள்” என்றார்.

எனக்குச் சினம் வந்துவிட்டது. ஞாயிறுதோறும் சொந்தக் கருவியால் அளந்து, சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் என்று சரிபார்ப்பவன் நான்! அவர் தம் அமுக்கமானியை வைத்தார், 24. நான் என்னுடையதை வைத்தேன், 30. மறுபடியும் வைத்தேன், 30. மூன்றாம் முறையும் அதே 30.

“பார்த்தீரா தம்பி, மயிரிழையும் மாறவில்லை” என்றேன்.

அவர் மறுமொழி சொல்லாமல், பக்கத்தில் நின்ற வான் சாரதியிடம் ஒரு கருவியை வாங்கி வைத்தார். முள் 24க்கும் 25க்கும் இடையில் நின்றது.

நேயர்களே, நான் ஏமாந்த இடம் இதுதான். மாறாமற் சொல்வது வேறு; சரியாகச் சொல்வது வேறு. என் கருவி ஒரே பொய்யைத் தவறாமற் சொல்லிக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் மகன் அதைச் சீமெந்துத் தரையில் விழுத்தியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முள் வைத்த அமுக்கமானிகளிற் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது, 1849இல் பிரான்சியரான பூர்டோன் கண்டமைத்த வளைந்த குழாய். காற்று புகும்போது அது சற்றே நிமிர, சிறு பற்சில்லுகள் முள்ளைத் திருப்பும். ஓர் அடி பட்டால் அந்த இணைப்பு விலகலாம். முள் பூச்சியத்தில் ஒழுங்காக நிற்கிறதே என்று ஆறுதல் கொள்வதிலும் பயனில்லை. பூச்சியத்திற் சரியாக நிற்கும் கருவி 30இற் பிழைக்கலாம்.

எனவே உங்கள் கருவியைச் சோதிக்க விரும்பினால், வண்டி மூன்று மணி நேரமாவது நிழலில் ஓய்ந்திருக்கட்டும். 30 இறாத்தல் அமுக்கமுள்ள ரயரில் வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் அளவு ஏறக்குறைய ஒன்றரை இறாத்தல் கூடும். சூட்டை அளந்துவிட்டுக் கருவியைக் குறை சொல்லக்கூடாது. ஒரே ரயரில் உங்கள் கருவியையும் வேறு இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் சிறிது காற்றுக் கசியுமாதலால், முடிவில் முதற் கருவியை மீண்டும் வைத்து ரயரே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ஒப்பிடும் கருவிகள் ஒரே கடையில் ஒரே வகையாய் வாங்கியவையாக இருந்தால், மூன்றுஞ் சேர்ந்தே பிழைக்கவுங் கூடும். ஐயந்தீர வேண்டுமானால், அறிந்த பரப்புடைய உந்துதண்டின்மேல் அறிந்த நிறையை ஏற்றிச் சோதிக்கும் ஆய்வுகூடமே கதி. வீட்டுத் தேவைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

புதிதாக வாங்குவோர் அளவுத்தட்டையும் கவனிக்க வேண்டும். முழு அளவில் 2 வீதம் பிழைக்கும் கருவி 100 இறாத்தல் வரை அளப்பதாயின், எந்த இடத்திலும் 2 இறாத்தல் பிசகலாம். 60 வரை அளப்பதாயின் 1.2தான்.

ஆறு இறாத்தல் பெரிய காரியமா என்று மனைவி கேட்டாள். ஐந்தில் ஒரு பங்கு காற்றில்லாமல், ஆறு பேரையும் மூட்டைகளையும் சுமந்து, சித்திரை வெயிலில் வவுனியா வீதியில் விரைந்தால், ரயரின் பக்கச் சுவர் ஓயாது மடங்கிச் சூடேறும், வெடிக்கவுங் கூடும். அன்று மாலையே புதிய கருவி வாங்கினேன், கடைக்காரருடையதோடு ஒப்பிட்டுத்தான்.

நுவரெலியாவில் ஒரு காலை, குளிரில் நடுங்கியபடி அளந்தேன். குறைந்திருக்கும் என்று எண்ணினேன்; 31 காட்டிற்று! பிறகுதான் தெளிந்தது: கருவி காட்டுவது வெளிக்காற்றிலும் உள்ளே எவ்வளவு மிகை என்பதையே. அவ்வுயரத்தில் வெளியமுக்கம் ஏறத்தாழ 3 இறாத்தல் குறைவு. குளிர் இரண்டைத்தான் பறித்தது.

பழைய கருவியை எறியவில்லை. “24ஐ 30 என்பான்” என்று எழுதி ஒட்டி, மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.