தோம்பும் தரவும்

ஒல்லாந்தக் கும்பனியார் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்டபோது குடிகளைப் பற்றி இருவகைப் பதிவேடுகளை எழுதுவித்தனர். குடும்பத்தார் பெயர்களைத் தாங்கியது தலைத்தோம்பு. நிலபுலங்களைத் தாங்கியது காணித்தோம்பு. எழுதப்பட்டவை மக்களின் பெயரும் மண்ணுமே. ஏடோ வரியும் ஊழியமும் வேண்டிய கும்பனிக்கு உரியதாயிற்று.

இன்று தோம்பின் இடத்தைக் கணினி பெற்றுள்ளது. நம் பிறப்பு, கல்வி, நோய், காணி யாவும் தரவு நிலையங்களிற் சென்று சேர்கின்றன. அத்தரவு யாருக்கு உரியது?

தனியார் கையினின்று அரசின் கைக்கு மாறினாற் போதும் என்பர் சிலர். போதாது என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க மேகக்கணிமையைப் பணயம் கோரும் தீநிரல் ஒன்று தாக்கிற்று. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள கடிதங்களுக்குக் காப்புப் பிரதி இல்லாமையால் அவை மீளவில்லை. பொருளும் பொது, காவலும் பொது, ஆயினும் இழப்பு நேர்ந்தது.

பிரதியின் அருமையை ஏட்டுச்சுவடி கண்ட நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் திருக்கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை எழுப்பினர். கற்கோயில் வீழ்ந்தது, அக்கோயிலின் தொழும்புகளை வகுத்துரைக்கும் கோணேசர் கல்வெட்டு வீழவில்லை. பெயராற் கல்வெட்டாயினும் அஃது ஓலையிற் பெயர்த்தெழுதப்பட்டு வாழ்ந்து, பின்னர் அச்சேறிய நூலன்றோ! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோதோ, வேறிடத்திற் பிரதியில்லாச் சுவடிகள் அடியோடு அழிந்தன.

ஆலயப் பொருள் தருமகர்த்தாவினது அன்று; அவர் காப்பவர், கணக்குக் காட்டுபவர். அரசும் தரவுக்குத் தருமகர்த்தாவே என்பேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழை திருத்தக் கோரவும் உரிமை வகுத்துள்ளது. எழுத்தில் உள்ள அவ்வுரிமை உப்புவெளி மீனவரின் கைக்கும் எட்டுதல் வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் சென்று, தம் பதிவைத் தமிழிலேயே கேட்டறிய அவருக்கு வழி வேண்டும். ஓரிடத்தில் ஒரு பெருமாளிகை எழுப்புவதினும், தொலைதூர மாவட்டங்களிற் பல பிரதிகள் வைத்தல் நன்று; அவற்றுள் ஒன்றேனும் வலைத்தொடர்பு அற்றதாயிருத்தல் வேண்டும். காத்த முறைக்கு ஆண்டுதோறும் பாராளுமன்றத்திற் கணக்கும் காட்டப்படுதல் வேண்டும்.

1990இன் இடப்பெயர்விலும் 2004இன் கடற்கோளிலும் பத்திரங்களை இழந்து கச்சேரி வாயிலிற் காத்து நின்ற இம்மாவட்டத்தார் ஒன்றை அறிவர். பதிவு அழிந்தால், உயிரோடிருப்பவனும் தான் இன்னான் என்பதற்குப் பிறரிடம் சான்று இரந்து நிற்க நேரும்.