வார்டன் பக்கத்தில் நிற்கிறார்!

ஜூன் மாதம் பிறந்தால் கறம்பக்குடி பஸ் நிலையத்தில் பார்க்கலாம். பெட்டியும் பக்கெட்டுமாகப் பிள்ளைகளை விடுதியில் சேர்க்கக் கூட்டிச் செல்லும் தகப்பன்மார்கள். திருப்பூருக்குப் பிழைக்கப் போகிறவன் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவான்? அவர்களை நாம் குறை கூறவில்லை.

ஆனால் சென்ற மாதம் லீவில் வந்திருந்த 15 வயதுப் பையன் சொன்னது நம் மனதை விட்டு அகலவில்லை. விவசாயத் தொழிலாளியின் மகன். மத ஸ்தாபனம் ஒன்றின் விடுதியில் இருக்கிறான். விடியுமுன் பிரார்த்தனை, படுக்குமுன் பிரார்த்தனை. தூங்கி வழிந்தால் முட்டி போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் வீட்டுக்குப் போன் பேசலாம். வார்டன் பக்கத்தில் நிற்பார். “நல்லா இருக்கேன்னு சொல்லுவேன் தோழர். வேற என்னத்தச் சொல்றது?” என்றான்.

சேரன்மாதேவி குருகுலம் நினைவுக்கு வந்தது. 1922-ல் வ.வே.சு. ஐயர் அதை ஆரம்பித்தார். அவர் கோழையல்ல, பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துச் சிறை சென்றவர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, 5,000 கொடுத்தது. பொதுப் பணத்தில் நடந்த அந்தக் குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தி, தனித் தண்ணீர்ப் பானை! ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் தாகத்துக்கு அந்தப் பானையில் குடித்து அடிபட்டான் என்று சொல்வார்கள். பையன் தகப்பனாரிடம் சொன்னான், விஷயம் பெரியாரிடம் போயிற்று, வரதராஜுலு நாயுடு கிளர்ச்சியில் இறங்கினார். 1925-ல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் கேட்பது வேறு. ஓமந்தூரார் நிலபுலம் உள்ளவர். 1947-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானவர். அவர் மகன் வாய் திறந்தான், நாடு கேட்டது. பண்ணையாளின் மகன் அடிபட்டிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சர்க்கார் அங்கீகாரமோ மானியமோ பெற்ற கல்வி நிலையத்தில், மத போதனைக்கும் வழிபாட்டுக்கும் ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மைனர் என்றால் பெற்றோர் அல்லது கார்டியனின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் இந்தத் தகப்பனாரிடம், சேர்க்கும் நாளன்றே அச்சடித்த காகிதத்தில் கைநாட்டாக வாங்கிவிட்டார்கள். படித்துக் காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

கோவிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, விரும்பிப் போகிறவர் போகட்டும். நமக்கு அதில் சண்டை இல்லை. சர்க்கார் விடுதிகளில் நல்ல சோறும் ஒழுகாத கூரையும் இருந்தால், பாதிப் பேர் இங்கே வந்திருக்கவே மாட்டார்கள்; அந்தப் பழி கோட்டையில் இருப்பவர்களுடையது. இப்போது உடனே வேண்டியது, பிள்ளை தனியாக வீட்டோடு பேச ஒரு போன். குழந்தைகள் உதவி எண் 1098, சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதப்பட வேண்டும். விடுதியை மேற்பார்க்கும் கமிட்டியில் கூலிக்காரத் தாய் தகப்பன் உட்கார வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தகப்பனாரோடு நாமும் போகிறோம். ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்கினார். சங்கத் தோழர்கள் பஸ் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். பையனை வாசலுக்கு வெளியே அழைத்துவந்து, வார்டன் இல்லாத இடத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்வோம்.