பத்தாயிரம் வாட்ஸும் ஒரு 5 ஆம்ப்ஸ் பிளக்கும்

"ஹோம் தியேட்டருங்களா சார்? 5.1 இருக்கு, பத்தாயிரம் வாட்ஸ்!" தீபாவளி நெருங்கிட்டா பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கமும் சரி, அரியலூர் கடைத்தெருவுலயும் சரி, இந்த டயலாக்கைக் கேக்காம தாண்ட முடியாது. பெட்டி மேல தங்கக் கலர் எழுத்துல அதே நம்பர்.

கொஞ்சம் கணக்குப் போடுவோமா மக்களே? நம்ம வீட்டுக்கு வர்றது 230 வோல்ட். பத்தாயிரம் வாட்ஸ் வேணும்னா 43 ஆம்பியருக்கு மேல இழுக்கணும். அந்தப் பெட்டியில தொங்குறதோ 5 ஆம்ப்ஸ் பிளக்கு. தலைகீழா நின்னாலும் 1150 வாட்ஸைத் தாண்டாது. இன்னொரு வழியில பாருங்க. பத்தாயிரம் வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினா 10 யூனிட். மூணு மணி நேரப் படத்துக்கு 30 யூனிட். 2016ல வந்துச்சே, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அது நாலாவது படத்துல காலி. யார் வீட்டுலயாவது அப்படி பில்லு வந்திருக்கா? வராது சாமி. பெட்டியைத் திருப்பி முதுகுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரைப் படிங்க. 50 வாட்ஸ், 60 வாட்ஸ்னு பொடி எழுத்துல போட்டிருப்பான்.

இந்த ஏமாத்து வேலைக்குப் பேரு பி.எம்.பி.ஓ. கண்ணிமைக்கற நேரத்துக்கு உச்சத்துல எவ்வளவு போகும்ங்கற கற்பனைக் கணக்கு. இதை இப்படித்தான் அளக்கணும்னு எந்த முறையும் கிடையாது. தொடர்ந்து எவ்வளவு கொடுக்கும்னு சொல்றது ஆர்.எம்.எஸ். அமெரிக்காக்காரன் 1974லயே ஆம்ப்ளிஃபையர் வாட்ஸை எப்படி விளம்பரம் பண்ணணும்னு சட்டவிதி போட்டான், 2024ல அதை இன்னும் இறுக்கினான். நம்ம ஊர்ல மிட்டாய்க் கலர் ஸ்டிக்கர் அடிக்கறது நிக்கவே இல்ல.

சரி, வாட்ஸ் போகட்டும். அந்த 5.1? முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு, கூட ஒரு சப்-ஊஃபர். அஞ்சு ஸ்பீக்கருக்கும் தனித்தனி சத்தம் வந்தாத்தான் அது 5.1. அதுக்குப் பெட்டிக்குள்ள டால்பி டீகோடர் இருக்கணும், டிவியில இருந்து ஹெச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.யோ ஆப்டிகல் வயரோ வரணும். இல்ல, அதைப் பிரிச்சு ஆறு வயர்ல அனுப்பற பழைய டிவிடி பிளேயராவது வேணும். விலை குறைஞ்ச பெட்டிகள் பலதுல ஆக்ஸ், ப்ளூடூத், பென் டிரைவ், அவ்வளவுதான். ப்ளூடூத்ல பாட்டு வர்றதே ரெண்டு சேனல்தான். அந்த ரெண்டையே அஞ்சாப் பங்கு போட்டுக் கொடுக்குது. ஹீரோ முன்னாடி பேசறான், அதே ஹீரோ நம்ம பிடரிக்குப் பின்னாலயும் பேசறான். இதுக்கு சுவத்தை ஓட்டை போட்டு வயர் இழுத்து, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி...

அப்புறம் அந்த "பேஸ்". அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல வெடி வச்சா ஜன்னல் கண்ணாடி அதிருமே, அந்த அதிர்வுதான் நம்மாளுக்கு நல்ல சவுண்டுக்கு அடையாளம்! உண்மையில அங்க கத்தறது ஸ்பீக்கர் மட்டும் இல்ல, ரூமும் சேர்ந்துதான். பத்துக்குப் பன்னெண்டு அடி ஹாலு, காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, நாலு பிளாஸ்டிக் சேர். பத்தடி சுவத்துக்கு நடுவுல 56 ஹெர்ட்ஸ் பக்கமும், பன்னெண்டடிக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கமும் ஒலி மோதி மோதி வீங்கும். மூலையில சப்-ஊஃபரை வச்சா கேக்கவே வேணாம். ஒரே 'தொம்' எல்லாப் பாட்டுலயும் வரும். இளையராஜாவோட பேஸ் கிடாரும் ரஹ்மானோட பேஸும் ஒண்ணாத் தெரியும்.

என் கோவமே இங்கதான். அந்தத் 'தொம்'முக்கு அடியில பேச்சு அமுங்கிப் போகுது. கீழ் ஒலி பலமா இருந்தா அதுக்கு மேல இருக்கற ஒலியை அது மூடிடும். வயசானா முதல்ல மங்கறதும் கூர்மையான ஒலிகள்தான். க, ச, ட, த-வைப் பிரிச்சுக் காட்டறதே அந்த ஒலிகள். ரெண்டும் சேர்ந்தா என்னாகும்? மகன் துபாய்ல இருந்து அனுப்பின காசுல, இல்ல மக்காச்சோளம் வித்த காசுல வாங்கி வச்ச பெட்டி முன்னாடி உக்காந்து, "அவன் என்னடா சொல்றான்?"னு அம்மா கேட்டுக்கிட்டே இருப்பாங்க. டிவியோட சொந்த ஸ்பீக்கர்லயாவது கொஞ்சம் புரிஞ்சுது.

இதைச் சொன்னா இன்னொரு கூட்டம் கிளம்பி வரும். "லட்ச ரூபாய்க்குக் கீழ சவுண்டே கிடையாது பாஸ்"னு சென்னையில இருந்து ஒரு குரல். அதுவும் டுபாக்கூர்தான். சாதாரண ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்ல ஒரு மீட்டர் தூரத்துல 85 டெசிபல் கிட்ட கொடுக்கும். வீட்டுல அதுவே நல்ல சத்தம். வாட்ஸைப் பத்து மடங்கு ஆக்கினாத்தான் காதுக்கு ரெண்டு மடங்காத் தெரியும். ஆக நம்ம ஹாலுக்கு உண்மையான இருபது முப்பது வாட்ஸ் தாராளம். காசு இல்லாதவன் நல்லதைக் கேக்கவே கூடாதுன்னு சொல்ல இவங்க யாரு?

நம்ம ஊரு ரேடியோ மெக்கானிக் இவங்க ரெண்டு பேரையும் விட யோக்கியன். 4440 ஐ.சி. போர்டு ஒண்ணு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு, மரப்பெட்டியில ஸ்பீக்கர் ரெண்டு. "எத்தனை வாட்ஸ்ணே?"ன்னு கேட்டா, "ஒரு பக்கத்துக்கு ஆறு வரும் தம்பி, பிரிட்ஜ் பண்ணினா பத்தொம்பது. டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஆம்ப்ஸ்னு பாத்துக்க"ம்பார். ஐ.சி. தயாரிச்சவன் புத்தகத்துல போட்ட அதே நம்பர்! டீக்கடையிலயும் டவுன் பஸ்லயும் பல வருஷம் நாம கேட்ட பாட்டு இந்த மாதிரிப் பெட்டியிலதான்.

அதனால அஞ்சாயிரம் ரூபாய் கையில இருந்தா, அதை அஞ்சு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பிரிச்சுக் கொடுக்காதீங்க. ரெண்டே ரெண்டு ஸ்பீக்கர், மரப்பெட்டியா, ஆர்.எம்.எஸ். போட்டதா வாங்குங்க. உக்காந்தா காது இருக்கற உயரத்துல, சுவத்தை விட்டு ஒரு அடி தள்ளி வைங்க. தரையில ஜமுக்காளம் விரிங்க, ஜன்னலுக்குக் கனமா ஒரு திரை போடுங்க. சப்-ஊஃபர் இருந்தா மூலையில இருந்து இழுத்துட்டு வந்து, திருகைப் பாதிக்குக் கீழ வைங்க.

கடைக்காரர் டெமோவுக்குக் குத்துப் பாட்டுதான் போடுவார். நிறுத்தச் சொல்லிட்டு, ரெண்டு பேர் மெதுவாப் பேசற சீன் ஒண்ணு போடச் சொல்லுங்க. முடிஞ்சா அம்மாவையும் கூடக் கூட்டிட்டுப் போங்க.

டிஸ்கி: ஏ.ஆர்.சி.யும் டீகோடரும் இருக்கற 5.1 வாங்கினவங்க கல்லெடுக்க வேணாம், உங்களைச் சொல்லல :-)