பூ மட்டும் வைத்தால் ஹிப்பி ஆகிவிடுமா?

போன மார்ச் மாதம் நம் டிபார்ட்மெண்ட் சீனியர்களுக்கு வழியனுப்பு விழா எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? தீம்: அறுபதுகளின் ஹிப்பிகள். கலர் கலராய்ச் சட்டை, காதில் பூ, யாரோ ஒருத்தன் தாத்தாவுடைய பெல்பாட்டம்... ஜோராகத்தான் இருந்தது. பாட்டு எடுக்கிற பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்தது. "நீதானே எந்நேரமும் காதுல மாட்டிக்கிட்டுத் திரியறே, நாற்பது நிமிஷத்துக்கு நீயே எடு" என்று சொல்லிவிட்டார்கள். எடுத்தேன். அதில் வந்த சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கமிட்டியில் எல்லோருக்கும் தெரிந்த ஹிப்பி பாட்டு ஒன்றே ஒன்றுதான், 'தம் மாரோ தம்'. அதைப் போட்டுவிட்டு, அட்டையில் சிலும்பி செய்து ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு ஆடுவது என்று திட்டம். நான் சொன்னேன்: அது 1971-ல் வந்த இந்திப் படத்துப் பாட்டு. அறுபதுகளும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. அந்தப் படமே போதையில் விழுந்த தங்கையைத் தேடி அண்ணன் காட்மாண்டுக்குப் போகிற கதை. கடைசியில் அந்தப் பெண் செத்துப்போகிறாள். நாம் பாட்டைப் பிடித்துக்கொண்டு கதையை விட்டுவிட்டோம்! "பெரிய புரொபசரு" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

புகையைத் தள்ளிவிட்டுக் காதை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பாட்டுகளில் நமக்கு, குறிப்பாக எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு, எவ்வளவு சரக்கு இருக்கிறது தெரியுமா? பீட்டில்ஸ் 1966-ல் பதிவு செய்த 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டில் ஜான் லெனன் குரல் ஓர் இடத்திலிருந்து எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது மாதிரி கேட்கும். பேய் வேலை இல்லை. ஆர்கனோடு வரும் லெஸ்லி ஸ்பீக்கர் என்று ஒன்று உண்டு. அதற்குள் ஹாரன் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் குரலை விட்டு, வெளியே வருவதை மைக் வைத்துப் பிடித்தார்கள். ஃபிசிக்ஸில் படித்தோமே டாப்ளர் விளைவு, அதேதான். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலால் மிதித்த ஃபஸ் பெடலில் இருந்தவை இரண்டே டிரான்சிஸ்டர்கள். லேபில் கிளிப்பர் சர்க்யூட் போட்டு, சைன் வேவின் தலையும் காலும் வெட்டுப்படுவதை அப்சர்வேஷன் நோட்டில் வரைந்தோமே, அந்த வெட்டுத்தான் கிடாரில் உறுமலாக வருகிறது. இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்த எக்ஸ்பெரிமெண்ட் மேல் மரியாதையே வந்தது.

ஆனால் நான் அடம்பிடித்தது இதற்காக இல்லை.

அந்த ஊரில் அந்த வருஷங்களில் பதினெட்டு வயசு என்றால் என்ன? ஆண்பிள்ளையாக இருந்தால் ராணுவத்துக்குப் பேர் பதிய வேண்டும். கூப்பிட்டால் வியட்நாம் போக வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுப் போட மட்டும் இருபத்தொன்று ஆக வேண்டும்! 1971-ல்தான் நாடு முழுக்கப் பதினெட்டாகக் குறைத்தார்கள். அந்தப் போரில் செத்த அமெரிக்கர்கள் 58,000-க்கும் மேல். வியட்நாம்காரர்கள் பல லட்சம்.

இதில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காலேஜில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருப்பவனைப் படிப்பு முடியும்வரை கூப்பிடமாட்டார்கள். காலேஜுக்குப் போக வசதியில்லாத வீட்டுப் பையன் போயாக வேண்டும். தேவையான ஆள் எண்ணிக்கை குறையாது. ஒருவன் விலகினால் அந்த இடத்துக்கு இன்னொருவன். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் 'ஃபார்ச்சுனேட் சன்' என்ற 1969 பாட்டு இந்தக் கோபத்தில் பிறந்தது. பணக்காரன் பிள்ளையும் பதவிக்காரன் பிள்ளையும் தப்பிக்கிறார்கள், நான் அந்தப் பிள்ளை இல்லை என்கிற பாட்டு. எழுதிய ஜான் ஃபோகர்ட்டி தானும் ராணுவ ரிசர்வில் இருந்துவிட்டு வந்தவர்.

என் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணன் பத்தாவதோடு நின்று லேத் பட்டறைக்குப் போனான். ரெண்டு பேருக்கும் ஃபீஸ் கட்ட அப்பாவால் முடியாது. அவன் போனதால்தான் நான் வந்தேன். பட்டறையும் போர்க்களமும் ஒன்றில்லை, அது எனக்கே தெரியும். ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்கும்போது அண்ணன் கையில் இருக்கிற இரும்புச் சீவல் கீறல்கள்தான் கண்ணுக்குள் வருகின்றன. என்ன செய்ய?

"பார்ட்டியில எதுக்குடா போரும் சாவும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பாட்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டரை நிமிஷம்கூட இல்லை, யாருக்கும் கால் சும்மா இருக்கவில்லை. ஆடிக்கொண்டேதான் அவர்களும் கோபப்பட்டிருக்கிறார்கள்! 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவுக்கு ஒரு பால்பண்ணை நிலத்தில் நாலு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். முதல் நாள் மேடையேறிப் பேசிய சுவாமி சச்சிதானந்தா யார் தெரியுமா? நம்ம கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்துக்காரர்! கடைசியாக, திங்கட்கிழமை காலையில், முக்கால்வாசிக் கூட்டம் கலைந்த பிறகு ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிடாரில் வாசித்தார். நடுநடுவே குண்டு விழுகிற சத்தம் மாதிரி கிடார் அலறும். அவரும் ஒரு காலத்தில் பாராசூட் படையில் இருந்தவர். இதை நான் லிஸ்டில் வைத்தேன், தூக்கிவிட்டார்கள். இதற்கு ஆட முடியாதாம். அது உண்மைதான், விட்டுக்கொடுத்தேன்.

ரவிசங்கர் சித்தாரை நானே வேண்டாம் என்றேன். போதையில் உட்கார்ந்து தன் வாசிப்பைக் கேட்பது அவருக்கே பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னவர். அவரைப் போட்டுவிட்டு எதிரில் அட்டைச் சிலும்பியா? ஹெண்ட்ரிக்ஸும் ஜானிஸ் ஜாப்ளினும் 1970-ல் பதினாறு நாள் இடைவெளியில் போனார்கள். ரெண்டு பேருக்கும் இருபத்தேழு வயசு. ஒருவருக்குத் தூக்கமாத்திரை, ஒருவருக்கு ஹெராயின். அட்டைச் சிலும்பியைக் கேலிக்காகத்தான் செய்தோம், ஒப்புக்கொள்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் 'சான் பிரான்சிஸ்கோ'வில் ஆரம்பித்து, 'வொயிட் ராபிட்' நடுவில் வந்து, 'ஃபார்ச்சுனேட் சன்' கடைசிக்கு முந்தினதாக ஓடியது. கடைசிப் பாட்டு? கமிட்டி ஜெயித்தது, 'தம் மாரோ தம்'தான். சிலும்பி மட்டும் வரவில்லை. அடுத்த வருஷம் யாராவது இதே தீம் எடுத்தால் என் முழு லிஸ்ட், தூக்கப்பட்ட ஹெண்ட்ரிக்ஸ் உட்பட, பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது. செகண்ட் இயர் இ.சி.இ., ஜன்னலோரக் கடைசி பெஞ்ச். வந்து கேளுங்கள்.