கொல்லிமலைக்கு பைக்ல வர்றவங்களுக்கு

ஞாயித்துக்கிழமைன்னா மிளகு மூட்டையை டிவிஎஸ்ல கட்டிக்கிட்டு மலை இறங்கவே இப்போ வயித்தைக் கலக்குது. காரவள்ளியில இருந்து மேல வர 70 கொண்டை ஊசி வளைவு. டவுன்ல இருந்து வர்ற தம்பிகள் சிலருக்கு அது பந்தய ரோடு.

போன வாரம் ஒரு வளைவுல, எதிர்ல ஏறி வந்த பைக் என் பக்கமே சாய்ஞ்சு வந்துச்சு. நான் ஓரத்துல விழுந்து பிழைச்சேன். பாதி மிளகு பள்ளத்துல. அந்தத் தம்பி நல்ல ஹெல்மெட்தான் போட்டிருந்தார். ஆனா அது அவர் தலைக்கு மட்டும்தானே காவல்?

ஹெல்மெட் இல்லைன்னா 1,000 ரூபாய் அபராதம். சரிதான். வேகத்தை யார் பிடிக்கிறது? வளைவுல போலீஸ் வண்டியை மறிச்சா அதுவே விபத்தாயிடும்.

எனக்குத் தோணுறது இதுதான். அடிவாரத்துல நேரம் குறிச்சு ஒரு சீட்டு கொடுங்க. மேல அதை வாங்கிப் பாருங்க. நியாயமான நேரத்துக்கு முன்னாடியே வந்து நின்னா, பறந்து வந்திருக்கார்னு அர்த்தம். அபராதம் போடுங்க. இறங்கும்போதும் அப்படியே. துரத்த வேண்டாம், வளைவுக்கு வளைவு கேமராவும் வேண்டாம்.

நடுவுல நின்னு டீ குடிச்சு நேரத்தை ஓட்டி ஏமாத்தலாமேன்னு கேப்பீங்க. சிலர் செய்வாங்க. ஆனா பாதிப் பேர் நிதானமானாலே எங்களுக்குப் போதும்.

வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு. வளைவுக்கு அந்தப் பக்கம் அவ்வளவு ரோடு கிடையாதுங்க. நாங்கதான் வந்துக்கிட்டிருப்போம்.