வளைந்தது ஹேங்கர், பழி மெக்கானிக்குக்கா?

சைக்கிளில் சென்னையிலிருந்து தஞ்சாவூர் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விக்கிரவாண்டி, பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு தாண்டி மீன்சுருட்டி. கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில்தான். கோயிலைப் பார்த்துவிட்டு அணைக்கரையைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போடும்போது வண்டி சாய்கிறது. பின் கியரைப் பிடித்திருக்கும் ‘ஹேங்கர்’ உடைந்துவிட்டது. விரல் நீள அலுமினியத் துண்டு. சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். “இது இங்க கிடைக்காது சார்.”

உடனே என்ன சொல்வீர்கள்? “இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் வேலை தெரியல!”

கொஞ்சம் பொறுங்கள். அதே மனிதரிடம் ஒரு சாதாரண கறுப்பு சைக்கிளைக் கொடுத்துப் பாருங்கள். பஞ்சர் ஒட்டுவார், கோட்டம் எடுப்பார், பால்ரஸ் மாற்றுவார். காரணம், அவர் திறமை மட்டுமல்ல. அந்த வண்டியின் பாகங்களுக்கு ஜாதி கிடையாது. ஒரு கம்பெனி ரிம்மில் இன்னொரு கம்பெனி டயர் உட்காரும்.

உங்கள் கியர் சைக்கிள் அப்படியா? இரண்டு டயரையும் 28 இஞ்ச் என்றே சொல்வார்கள். ஆனால், ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் பழைய வண்டிக்கு 635 மில்லிமீட்டர், உங்களுடையதற்கு 622. பதின்மூன்று மில்லிமீட்டரில் கடையே கைவிரித்துவிடும். ஹேங்கர் இன்னும் மோசம். வண்டி விழுந்தால் ஃபிரேம் தப்பிக்கட்டும் என்று, வளைவதற்காகவே செய்த பாகம் அது. ஆனால் மாடலுக்கு மாடல் வேறு வடிவம்! வளையும் என்று தெரிந்தே செய்கிறவன், கூட ஒன்று கொடுத்தனுப்பினால் என்ன?

நான் பி.காம். படித்தவன். வண்டி விற்ற லாபம் அவர்கள் கணக்கில், பார்சலுக்காகக் காத்திருக்கும் லாட்ஜ் வாடகை உங்கள் கணக்கில். இந்த ஐந்தொகை எப்படி சார் நேராகும்?

‘டெக்னாலஜி வளர்ந்தால் அப்படித்தான்’ என்பார்கள். சுத்தப் பொய். 2019-ல் ஸ்ராம் என்ற அமெரிக்க கம்பெனி, எல்லா கம்பெனிகளும் பயன்படுத்தும்படி ஒரு பொது ஹேங்கரைக் கொண்டுவந்தது. முடியும், மனசுதான் இல்லை.

நம் அரசுக்கு இது தெரியாத விஷயமல்ல. 2005-06-ல் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கெல்லாம் இலவச சைக்கிள் என்று விரித்தபோது கொடுத்தது, கியர் இல்லாத சாதாரண வண்டி. எந்த ஊர்க் கடையிலும் சரிசெய்யலாம். ஊர் சுற்றுகிறவருக்கு ரிப்பேரில் போவது இரண்டு நாள் லீவு. அந்தப் பிள்ளைக்குப் போவது பள்ளிக்கூடம். ஆனால், 2022-ல் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ பேசியபோது எடுத்துக்கொண்டது விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம். சைக்கிள்? ஏழை வண்டிதானே, யார் கேட்கப்போகிறார்கள்!

நீங்கள் கேளுங்கள். வாங்கும்போதே, “மாற்று ஹேங்கர் ஒன்றும் டியூப் இரண்டும் தந்தால்தான் பில் போடுங்க” என்று சொல்லுங்கள். வழியில் உடைந்தால் மீன்சுருட்டிக்காரரைத் திட்டாதீர்கள். செயினைச் சுருக்கி ஒரே பல்சக்கரத்தில் மாட்டித் தரச் சொல்லுங்கள். கியர் இருக்காது, தஞ்சாவூர் போய்ச் சேரலாம்.

கம்பெனி கைவிட்ட இடத்தில் கை கொடுப்பவர் அவர்தான். கேட்ட கூலிக்கு மேல் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்.