மாதவிடாய் நிற்கும் வயதில் கஞ்சா எண்ணெயா?

மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடல் கொதிப்பு, வியர்வை, உறக்கமின்மை, எரிச்சல் எல்லாவற்றுக்கும் நாக்கடியில் நாலு சொட்டு சிபிடி எண்ணெய் விட்டால் போதும் என்கிற பேச்சு நாஞ்சில் நாட்டு வீடுகளுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. வெளிநாட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் வழியாக வருகிறது; இல்லையென்றால் கைபேசி விளம்பரம் வழியாக. கஞ்சாச் செடியில் உள்ள கன்னாபிடியால் என்ற பொருள்தான் சிபிடி. போதை தருவது அதே செடியில் இருக்கும் டிஎச்சி என்ற வேறொரு பொருள். சிபிடிக்குப் போதை கிடையாது என்பது உண்மை. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்றவைதான் நிற்கவில்லை.

முதலாவது, ‘ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள்’ என்பது. பெரும்பாலும் இதற்குக் கைகாட்டப்படுவது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வாளர்கள் 2022இல் ‘மெனோபாஸ்’ இதழில் வெளியிட்ட கணக்கெடுப்பு. 258 பெண்களிடம் கேட்டார்கள். கிட்டத்தட்ட 79 சதவீதம் பேர், தங்கள் தொந்தரவுகளுக்குக் கஞ்சாவைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். தலைப்புச் செய்திக்கு இது போதும். ஆனால் அந்த 258 பேரில் 86 சதவீதம் பேர் ஏற்கெனவே கஞ்சா பயன்படுத்துகிறவர்கள். வடசேரிச் சந்தையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு நிற்பவர்களிடம் வெற்றிலை நல்லதா என்று கேட்டது போலத்தான். மேலும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைப் புகைத்தவர்கள். குப்பியில் விற்கும் சிபிடி எண்ணெய்க்கு அந்தக் கணக்கெடுப்பு சாட்சியே இல்லை.

‘எனக்குக் கேட்டதே’ என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. உடல் கொதிப்புக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: வெறும் மாவு மாத்திரைக்கும் அது தணியும். ஹார்மோன் மருந்துகளைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்த கோக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் அறிக்கையில், மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும் கொதிப்பு வரும் தடவைகள் 58 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தன. இதனால்தான் இந்தத் தொந்தரவுக்கு எந்த மருந்தையும் மாவு மாத்திரையோடு ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் ஹார்மோன் அல்லாத சிகிச்சைகளை ஒவ்வொன்றாக எடை போட்டது. கொதிப்புக்குக் கஞ்சாப் பொருள்கள் பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்று எழுதியது. அதே பட்டியலில் யோகாவும் சோயாவும்கூடத் தேறவில்லை. எனவே கஞ்சாவின் மேல் தனிப்பட்ட பகை என்று சொல்லவும் வழியில்லை. எலும்பு தேயாமல் காக்கும் என்றும் சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். அது எலிகளிடம் பார்த்தது.

இரண்டாவது, ‘நம் சித்தர்கள் சொன்ன மூலிகைதானே’ என்பது. மூலிகைகளுக்குப் பேர்போன மருத்துவாழ்மலை நிழலில் வாழ்கிறவர்களிடம் இது சட்டென்று எடுபடும். சித்த, ஆயுர்வேத நூல்களில் கஞ்சா உண்டு, மறுக்க முடியாது. ஆனால் சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு கூட்டி, அளந்து கொடுக்கும் பொருளாகத்தான் உண்டு. இந்திய மருந்துச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் அதை இ(1) அட்டவணையில், நச்சுச் சரக்குகளோடு வைத்திருக்கின்றன. உள்ளுக்குச் சாப்பிடும் அப்படிப்பட்ட மருந்தின் மேல், மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ளவும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். சிபிடியைத் தனியாகப் பிரித்தது 1940இல் அமெரிக்காவில். அதன் அமைப்பைக் கண்டறிந்தது 1963இல் இஸ்ரேலில் ரஃபேல் மெச்சூலம். தனித்துப் பிரித்த ஒரு ரசாயனத்துக்குச் சித்தர் பெயரை ஒட்டுவது விற்பனைக்காரரின் சாமர்த்தியம், அவ்வளவே. பழைய முறையில்தான் வைத்தியம் வேண்டும் என்றால் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆளைப் பார்த்து, நாடி பார்த்து, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் கொடுப்பார்கள். கைபேசி விளம்பரம் கேட்காது.

அப்படிக் கேட்க வேண்டிய கேள்விதான் மூன்றாவது வாதத்தை உடைக்கிறது: ‘பக்க விளைவே கிடையாது.’ சிபிடி உண்மையாகவே மருந்தாக நிரூபிக்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு வரும் சில அரிய வகை வலிப்பு நோய்களுக்கு எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே கல்லீரல் பாதிப்பு, மயக்கத் தூக்கம், பேதி எல்லாம் எழுதியிருக்கிறது; தொடங்கும் முன் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. பிரிட்டன் உணவு நிறுவனம் 2023இல், ஆரோக்கியமானவர்கள்கூட நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போக வேண்டாம் என்றது. நம் ஊரில் ஐம்பதைத் தொட்ட பெண்களில் பலர் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை போடுகிறவர்கள். இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுவார்கள். வார்ஃபரினின் வேகத்தை சிபிடி கூட்டும். ரத்தக்கசிவு வந்த பிறகு அந்தக் குப்பியின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் டாக்டரிடம் அதைப் பற்றிச் சொல்லியிருக்கவே மாட்டார்கள்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதும் நிச்சயமில்லை. அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் 2017இல் வந்த ஆய்வு, இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்தது. லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது. இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது: ஹெம்ப் எனப்படும், போதை குறைந்த கஞ்சா வகையின் விதை எண்ணெயை சிபிடி போலப் பேசி விற்பது. 2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதையை உணவாக அனுமதித்தது. அதில் சிபிடி கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதே விதி. நல்லெண்ணெயைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் இன்னொரு சமையல் எண்ணெய் அது.

இனி, என் கணிப்பில் எல்லாவற்றுக்கும் வேரான வாதம்: ‘ஹார்மோன் மாத்திரை புற்றுநோய் தரும், அதற்கு இது மேல்.’ இந்தப் பயம் 2002இல் பிறந்தது. அமெரிக்காவின் பெண்கள் நலத் திட்ட ஆய்வில், ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பிரிவை அந்த ஆண்டு ஜூலையில் நிறுத்தினார்கள். 16,608 பெண்கள். மார்பகப் புற்று கூடியது என்று உலகமெங்கும் செய்தி ஓடியது. எவ்வளவு கூடியது என்பது ஓடவில்லை: ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 8 பேர் அதிகம். அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதும் ஓடவில்லை. கருப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜென் மட்டும் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்று கூடவே இல்லை. பின்னால் செய்த அலசல்களில், அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள் தொடங்கும் பெரும்பாலான பெண்களுக்கு நன்மையே அதிகம் என்று தெரிந்தது. இந்தியப் பெண்களுக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் ஐம்பத்தொன்று. ஆகவே இங்கே ஹார்மோன் யோசனை எழும் வயதும் அந்த ஆய்வுப் பெண்களின் வயதும் ஒன்றல்ல.

எல்லோருக்கும் ஹார்மோன் ஆகாது. மார்பகப் புற்று வந்தவர்கள், ரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது. அவர்களுக்கும் வழி இருக்கிறது: வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் குறைந்த அளவில், இல்லாவிட்டால் கபாபென்டின். இவை மாவு மாத்திரையோடு ஒப்பிட்டுத் தேறியவை, ஊர் மருந்துக்கடையில் மலிவாகக் கிடைப்பவை, டாக்டர் சீட்டோடு. சிபிடி குப்பியோ சில ஆயிரம் ரூபாய்.

கடைசியாக, ‘சட்டப்படிதான் விற்கிறார்கள்’ என்பது. பாதி சரி. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பூவையும் பிசினையும் தடுக்கிறது, இலையை அந்த வரையறையில் சேர்க்கவில்லை. அந்த இடைவெளியில், கஞ்சாவின் ஆயுர்வேதப் பெயரால் ‘விஜயா’ இலைச் சாறு என்று ஆயுஷ் உரிமத்தோடு சில நிறுவனங்கள் விற்கின்றன. வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பும் குப்பி எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது என்று யார் சொல்வது? விளம்பரத்துக்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது: பெண்களின் மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று எந்த மருந்தையும் விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நம் குமரி மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமான ஆபத்து வளைகுடா. பேரப்பிள்ளையைப் பார்க்க துபாய்க்குப் போகும் அம்மாவின் பையில் இந்தக் குப்பி அகப்பட்டால், அங்கே அது போதைப்பொருள் வழக்கு. டாக்டர் சீட்டு இல்லாத ‘மூலிகை எண்ணெய்’ என்ற விளக்கம் விமான நிலையத்தில் செல்லாது.

இவ்வளவுக்குப் பிறகும் இது விற்கும், அதற்குக் காரணம் சிபிடி அல்ல. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பகல் முழுக்க உட்கார்ந்து பருப்பு எடுத்துவிட்டு வரும் பெண், “மைனி, ராத்திரி ஒறக்கமே இல்ல பாத்துக்கிடுங்க, உள்ளுக்குள்ள தீயா எரியுது” என்று பக்கத்து வீட்டில் சொல்வாள். டாக்டரிடம் சொன்னால் ‘வயசாச்சுல்ல’ என்று ஒரு சத்து மாத்திரை கிடைக்கும். படிப்பில் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், என்று பெருமைப்படும் மாவட்டம் இது. இங்கேயும் இந்தப் பேச்சு சமையலறையைத் தாண்டுவதில்லை. கொதிப்பு சராசரியாக ஏழாண்டுக்கு மேல் நீடிப்பதாக அமெரிக்கப் பெண்களிடம் நடந்த நீண்டகால ஆய்வு சொல்கிறது. ஏழாண்டு பொறுத்துக்கொள் என்று சொல்பவரைவிட, குப்பி விற்பவர் கனிவாகத்தான் பேசுவார்.

எண்ணெயை நம்பி வீட்டில் இருப்பதால் தவறிப்போகும் விஷயங்களும் உண்டு. இரவு வியர்வை தைராய்டாலும் வரும், காசநோயாலும் வரும்; ரத்தமும் சளியும் பார்த்தால்தான் தெரியும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அது ‘சூடு’ அல்ல. கருப்பையின் உட்சுவரை ஸ்கேனில் பார்த்துப் புற்று இல்லை என்று உறுதி செய்தாக வேண்டிய அறிகுறி. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவில் அதற்குப் பணம் தேவையில்லை.